கையெழுத்துப் போடுவதற்கு முன்

அன்பு மகன் சேந்தனுக்கு,

நாங்கள் இங்கே உருத்திரபுரத்தில் சுகமாக இருக்கிறோம். அப்பா சிறுபோக நெல்லுக்கு உழவு தொடங்கிவிட்டார். நீ சுகமா என்று கேட்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரலைக் கேட்டபோதே, நீ சரியாக நித்திரை கொள்ளவில்லை என்று விளங்கிவிட்டது. அன்றைக்கு நீ கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் சரியில்லை. அதைத் திருத்தத்தான் இதை எழுதி மின்னஞ்சலில் அனுப்புகிறேன். நீங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒஸ்லோவில் நடத்தும் விளையாட்டு ஸ்டூடியோவை ஒரு பெரிய கொம்பனி விலைக்குக் கேட்கிறது. இரண்டு பேர் விற்போம் என்கிறார்கள், இரண்டு பேர் வேண்டாம் என்கிறார்கள், மிச்சம் இருப்பது உன் சொல். வெள்ளிக்கிழமை முடிவு சொல்ல வேண்டும். “அம்மா, நான் என்ன செய்ய?” என்று கேட்டாய். நான் ஒரு மூச்சு நேரம்கூட யோசிக்கவில்லை. “வில்லு மோனை. வித்துப்போட்டு நிம்மதியா இரு. ஆவணியில கலியாணம் வருது” என்றேன். நீ “சரியம்மா” என்றாய். ஒரு மணித்தியாலம் கழித்து உன்னிடமிருந்து ஒரு செய்தி வந்தது. “அம்மா, ஒண்டு சொல்லாமல் விட்டிட்டன். கேக்கிறது, எங்கட தண்ணி விளையாட்டை வாங்கின அதே கொம்பனிதான்.” அதை நான் மூன்று முறை வாசித்தேன். பிறகு அடுப்பை நிறுத்திவிட்டு வந்து கதிரையில் இருந்தேன்.

இந்தக் கடிதத்தை உன் கூட்டாளிகள் நால்வருக்கும் நீ மொழிபெயர்த்து வாசித்துக் காட்டலாம். ஒளிக்க ஒன்றும் இல்லை. அவர்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காக, உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நீ உயர்தர வகுப்பில் படிக்கும்போது பாடசாலையில் கழித்துவிட்ட ஒரு கணினியை அப்பா உழவு மெஷினின் பெட்டியில் சாக்குப் போட்டு மூடிக் கொண்டுவந்தார். புதிய விண்டோஸை அது தாங்காது என்று சொல்லி, நீ அதில் லினக்ஸைப் போட்டாய். காசு கேட்காத, பழைய மெஷினையும் தள்ளிவிடாத ஒன்று என்று எனக்கு விளக்கம் சொன்னாய். எனக்கு அது போதுமாக இருந்தது. கொழும்பில் படித்து முடித்து நீ நோர்வேக்கு மேல்படிப்புக்குப் போவதற்கு முதல் நாள், பெட்டி கட்டுகிறதை விட்டுவிட்டு அந்தக் கணினிக்கு முன்னால் இருந்தாய். நான் கோபத்தோடு ஏசினேன். “பொறுங்கோ அம்மா, உங்களுக்குத்தான் ஒண்டு போடுறன்” என்றாய். அப்படி வந்ததுதான் அந்த விளையாட்டு. அதன் ஆங்கிலப் பெயர் என் வாயில் நுழையாததால் நாம் அதைத் தண்ணி விளையாட்டு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். எங்கோ ஒரு நாட்டில் நாலு பேர் செய்தது. ஒரு தீவு, மேலே ஒரு குளம், கீழே வயல்கள். ஒருவர் குளத்துத் துருசைத் திறந்து வாய்க்காலில் தண்ணீர் விட வேண்டும், மற்றவர் விதைக்க வேண்டும். இரண்டு பேரும் ஒத்துப்போனால்தான் ஊர் பிழைக்கும்.

முதல் மாதம் நான் அந்தத் தீவை நாலு முறை வெள்ளத்தில் மூழ்கடித்தேன். நீ ஒஸ்லோவில் இருந்து சிரிக்கிற சத்தம் கணினி வழியாக இங்கே குசினிவரை கேட்கும். பிறகு எனக்குப் பிடிபட்டது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வளர்ந்தவளுக்கு வாய்க்கால் பற்றி ஒரு கணினி என்ன சொல்லித்தர முடியும்? பக்கத்து வயலை நிரப்பிவிட்டுத் தூரத்து வயலைப் பார்ப்பது உன் வழக்கம். “கடைசி வயலுக்கு முதல் விடு. கிட்ட இருக்கிறது எப்பிடியும் நனையும்” என்று நான் கத்துவேன். நாம் விளையாடுவது இங்கே சனிக்கிழமை பின்னேரம், உனக்கு அங்கே காலைப்பொழுது. போனில் நாம் கதைத்தால் “சாப்பிட்டியோ”, “ஓம்”, “குளிரோ”, “ஓம்” என்று மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தத் தீவில் துருசுகளோடு மினக்கெடும்போதுதான் நீ வாய் திறந்தாய். அந்த முதல் குளிர்காலத்தில் வகுப்பில் ஒருவரோடும் நாலு வார்த்தை பேசவில்லை என்றதும், பிறகு ஒரு பிள்ளையைச் சந்தித்தேன் என்றதும், அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, நீங்கள் கோவிப்பீங்களோ என்று கேட்டதும் எல்லாம் நான் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோதுதான். முகத்தைப் பார்க்காமல் கையில் ஒரு வேலையோடு இருக்கும்போது ஆண்பிள்ளைகளுக்குப் பேச்சு வரும் என்பதை அதற்கு முன் நான் அறிந்திருக்கவில்லை. அப்பா மட்டும் வாசலில் நின்று, “இஞ்சேர், உந்த ஊருக்குத் தண்ணி விட்டது காணும், எங்கட வயலையும் ஒருக்காப் பார்” என்பார்.

தண்ணி விளையாட்டைச் செய்த அந்த நாலு பேரின் ஸ்டூடியோவை இந்தக் கொம்பனி வாங்கியபோது நீதான் எனக்கு அறிவித்தலை வாசித்துக் காட்டினாய். ‘எங்கள் விளையாட்டுக்காரருக்கு எதுவும் மாறாது’ என்று எழுதியிருந்தது. நாம் இரண்டு பேரும் சந்தோஷப்பட்டோம். அந்த நாலு பேரும் இனி மாதச் சம்பளத்தோடு மூச்சு விடுவார்கள் என்று நீ சொன்னாய். நல்லாயிருக்கட்டும் என்று நானும் சொன்னேன். சில மாதம் ஒன்றும் மாறவும் இல்லை. பிறகு, விளையாட வேண்டுமென்றால் கொம்பனியில் புதிதாகப் பெயர் பதிய வேண்டும் என்றார்கள். பதிந்தோம். பிறகு, கொம்பனியின் சொந்தக் கடைச் செயலி வழியாகத்தான் உள்ளே போகலாம் என்றார்கள். அந்தச் செயலி லினக்ஸுக்கு இல்லை. கடைசியில், லினக்ஸில் விளையாடுகிறவர்கள் மிகக் குறைவு, அவர்களுக்காகத் தனியாக வேலை செய்வது செலவுக்குக் கட்டாது என்று ஒரு பந்தியில் எழுதி முடித்துவிட்டார்கள். “வேற ஆக்கள் இதேமாதிரி ஒண்டு செய்யேல்லையோ? அதுக்குப் போவம்” என்று கேட்டேன். “செய்தவை அம்மா. அவையளையும் இவையள்தான் வாங்கினவை. வாங்கி மூடிப்போட்டினம்” என்றாய். போட்டிக்கு ஆளில்லை என்றால் என்ன நடக்கும் என்பதை அன்றைக்கு நீ எனக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை. அது எனக்கு உன்னைவிடக் கூடத் தெரியும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் லேசில் விடவில்லை என்பது உனக்கு நினைவிருக்கும். லினக்ஸ்காரர்கள் கூடிக் கதைக்கிற ஒரு இணையத்தளத்தில், நீ சொல்லித்தந்த இங்கிலிஷில் கேள்வி எழுதிப்போட்டேன். விண்டோஸுக்காகச் செய்த விளையாட்டை லினக்ஸுக்கு விளங்கும்படி இடையில் நின்று மொழிபெயர்க்கிற ஒரு மென்பொருள் இருக்கிறது என்று, முகம் தெரியாத ஒரு ஆள் எனக்குப் படிப்படியாக எழுதினார். இரண்டு கிழமை பாடுபட்டேன். ஒரு சனிக்கிழமை தீவு திரும்ப வந்தது. நீ அங்கே கைதட்டினாய். என் வாழ்க்கையில் பால் சங்கத்துக்குச் செயலாளராகத் தெரிவானபோதுகூட நான் அவ்வளவு பெருமைப்படவில்லை. அது மூன்று மாதம். பிறகு கொம்பனி, கள்ள விளையாட்டுப் பிடிக்கிற ஒரு காவல் மென்பொருளை உள்ளே வைத்தது. அதற்கு என் மெஷின் விளங்கவில்லை. விளங்காததைக் கள்ளம் என்று முடிவுகட்டியது. ஒரு நாள் திரையில் சிவப்பெழுத்தில் ஒரு வசனம் வந்தது. உன்னிடம் வாசித்துக் காட்டி, என்ன சொல்கிறது என்று கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். “அம்மா, நீங்கள் கள்ள விளையாட்டு விளையாடி அளாப்பினீங்களாம். அதாலே உங்களை வெளியிலே போட்டிட்டாங்கள்.” நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. மேல்முறையீடு எழுதினேன். கணினி எழுதிய ஒரு பதில் வந்தது. முடிவு மாற்றப்படாது என்றது.

இனி நான் ஒத்துக்கொள்ள வேண்டியதைச் சொல்கிறேன். “புது லாப்டொப் அனுப்புறன் அம்மா, விண்டோஸ் போட்டது” என்று நீ சொன்னபோது, “வேண்டாம் மோனை, எனக்கு அதில அலுத்துப்போச்சு” என்றேன். அது பொய். அலுக்கவில்லை. ஆனால் என்னை அளாப்பி என்று துரத்தியவர்களின் வாசலுக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு திரும்பப் போக எனக்கு மனம் வரவில்லை. அதை உனக்கு விளங்கப்படுத்தவும் தெரியவில்லை. ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு ரோசமா என்று நீ நினைப்பாய் என்று கூச்சம். நீயோ, அம்மாவுக்கு என்னோடு இருக்க அலுத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டாய் என்பது உன் குரலில் தெரிந்தது. சனிக்கிழமைகள் போயின. திரும்பவும் “சாப்பிட்டியோ”, “ஓம்.” இரண்டு வருடம், சேந்தன். இன்றுவரை நாம் இரண்டு பேரும் இந்த விஷயத்தை வாயால் தொடவில்லை. கொம்பனி ஒரு விளையாட்டைத்தான் மூடியது. நம் சனிக்கிழமைக் கதையை மூடியது என் பொய்.

அந்தச் சிவப்பெழுத்து ஏன் அப்படிச் சுட்டது என்பதை நான் அப்பாவிடமும் சொன்னதில்லை. நீ கொழும்பில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்த காலம். எங்கள் பெண்கள் பால் சங்கத்தின் நிலையத்தை ஒரு பால் கொம்பனி கேட்டு வந்தது. குளிரூட்டும் தொட்டி, கட்டடம், எல்லாம். நல்ல விலை, லொறி வீடு வீடாக வரும், இனி நாங்கள் வெயிலில் பாலைக் காவத் தேவையில்லை. பெண்கள் எல்லாரும் களைத்துப்போயிருந்தோம். நான் செயலாளர். ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், மலையகத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய ஆறு வீடுகள் இருந்தன. அதில் பழனியம்மாக்கா மட்டும் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டா, “நம்ம பக்கமும் வண்டி வருமா தங்கச்சி?” நான், “ஓமக்கா. ஒண்டும் மாறாது. நான் இருக்கிறன்தானே” என்றேன். அவா போட்டா. முதல் வருடம் சொன்னபடி நடந்தது. அதற்குள், முன்பு எங்களிடம் பால் எடுத்த இரண்டு சின்ன வியாபாரிகளும் கட்டாமல் கையை விட்டுவிட்டார்கள். அடுத்த மழைக்கு வாய்க்கால் பாலம் பழுதானது. லொறி அந்தப் பக்கம் போகவில்லை. பாலத்தைத் திருத்திய பிறகும் போகவில்லை. மனேஜரிடம் போனேன். மரியாதையான பிள்ளைதான். “ஆறு வீட்டுக்கு லொறி அனுப்பிறது எங்களுக்குக் கட்டாதக்கா” என்றார். வேறு ஆளிடம் கொடுப்போம் என்று சொல்ல, வேறு ஆள் இல்லை. எங்களிடமே கொண்டுவாங்கோ என்று அந்த ஆறு வீட்டுக்கும் சொல்ல, தொட்டி எங்களுடையது இல்லை.

பழனியம்மாக்கா பாலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நிலையத்துக்கு வந்தா. வெயிலில் வந்து சேர்வதற்குள் சில நாள் பால் கெட்டுவிடும். ஒரு நாள், தண்ணீர் கலந்திருக்கிறது என்று சொல்லி எல்லாருக்கும் முன்னால் திருப்பிவிட்டார்கள். அவா கலக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான் அங்கேதான் நின்றேன். “இவா அப்பிடிச் செய்யமாட்டா” என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன், மகன். அந்த வருடமே அவா மாடுகளை விற்றா. அதற்குப் பிறகு சந்தைக்குப் போகும்போது வாய்க்கால் பாதையை விட்டுவிட்டு, சுற்றி மறு ரோட்டால் போகப் பழகினேன். என் பெயருக்கு நேரே அளாப்பினாய் என்று எழுதி வந்தபோது, என்னைத் துரத்தியது எங்கேயோ இருக்கிற கொம்பனி என்று எனக்குத் தோன்றவில்லை. இது எனக்கு வரவேண்டியதுதான் என்றே தோன்றியது.

இதைச் சொல்லி உன்னை விற்காதே என்று மிரட்டுவதாக நினைக்காதே. நாங்கள் சங்கத்தை விற்றதில் களைப்பு இருந்தது, அது பொய்க் களைப்பு அல்ல. உன் கூட்டாளி ஒருத்திக்குக் கைக்குழந்தை, இன்னொருவருக்கு முதுகுவருத்தம், நாலு வருடமாக ஒருவரும் ஒழுங்காக விடுமுறை எடுக்கவில்லை என்று நீ சொன்னாய். விற்போம் என்கிறவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். பெரிய இடம் எல்லாம் கெட்ட இடம் என்றும் இல்லை. எனக்குத் தீவைத் திரும்பக் கொண்டுவந்த அந்த மொழிபெயர்ப்பு மென்பொருளுக்கே ஒரு பெரிய கொம்பனி வருடக்கணக்காகக் கைகொடுத்திருக்கிறது என்று நீதான் சொன்னாய். மற்றவனின் வாசலில் மட்டும் தங்கி நிற்கக்கூடாது என்ற பயம் அவர்களுக்கும் இருந்ததாம். அதைத்தான் நானும் சொல்கிறேன். போவதற்கு இரண்டாவது வாசல் இருக்கும்வரை எல்லாரும் மரியாதையாகத்தான் நடப்பார்கள். உங்களைப் போன்ற சின்ன ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக ஒரே வளவுக்குள் போய்விட்டால், அந்த வளவுக்காரன் கெட்டவனாக இருக்கவே தேவையில்லை. ‘கட்டாது’ என்று மரியாதையாகச் சொன்னாலே போதும். நீங்கள் செய்த மீன்பிடி விளையாட்டு முதல் நாளிலிருந்தே லினக்ஸில் ஓட வேண்டும் என்று நீ பிடிவாதமாக நின்றாய் என்றும், ஏன் என்று கேட்டால் அம்மாவின் மெஷினில் ஓட வேண்டும் என்றாய் என்றும் உன் வருங்கால மனைவி எனக்குச் சொன்னா. நீ எனக்குச் சொல்லவில்லை. எனக்காகத் திறந்த அந்த வழியால் இப்போது எத்தனை பேர் வருகிறார்கள்? பாடசாலைக் கணினியில் பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுக்கிற ஒரு ஆசிரியர், கையால் முடியாததால் தனக்கேற்ற மாதிரி எல்லாவற்றையும் மாற்றி வைத்திருக்கிற ஒருவர் என்று நீயே இரண்டு பேரைச் சொல்லியிருக்கிறாய். அவர்கள்தான் உன் ஆறு வீடு.

திங்கட்கிழமை நான் பழனியம்மாக்கா வீட்டுக்குப் போனேன். வாய்க்கால் பாதையால்தான் போனேன். அவா முற்றத்தில் கச்சான் கடலை காயவைத்துக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் எழும்பி, கதிரையைத் துடைத்துப் போட்டா. நான் இருக்கவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனது ஒன்றும் ஞாபகத்தில் வரவில்லை. “அக்கா, அண்டைக்கு நீங்கள் தண்ணி கலக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். நான் சொல்லியிருக்கவேணும். கையெழுத்தையும் நான்தான் உங்களை நம்பவைச்சு வாங்கினனான்” என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவா கையிலிருந்த கச்சான் மண்ணைத் தட்டிவிட்டா. “கையெழுத்து நானுந்தான் போட்டேன் தங்கச்சி. அதுக்கு நா கோவிக்கல. நீங்க நல்லது நெனச்சுத்தான் வந்தீங்க. வண்டி நின்ன பொறவு நீங்க ஒரு தடவகூட இந்தப் பக்கம் வரலியே. அதுதான் மனசுல கெடந்துச்சு. வந்து, என்னால முடியலக்கான்னு சொல்லியிருந்தா, நா ரெண்டு மாட்ட முன்னாடியே வித்திருப்பேன். நல்ல வெல வந்த நேரம்” என்றா. பிறகு இரண்டு பேரும் இருந்து தேத்தண்ணீர் குடித்தோம். உன் கலியாணத்துக்குச் சொன்னேன். பொம்பிளை எந்த ஊர் என்று கேட்டா. நோர்வே என்றேன். அங்கே மாடு இருக்குமா என்று கேட்டா. இருக்கும் என்று சொன்னேன். எனக்குத் தெரியாது, நீதான் சொல்ல வேண்டும்.

ஆகவே மோனை, ஞாயிற்றுக்கிழமை சொன்ன ‘வில்லு’ என்ற சொல்லை நான் திருப்பி எடுக்கிறேன். அதற்குப் பதிலாக ‘விற்காதே’ என்று வைக்கவும் இல்லை. நீ முப்பது வயதுப் பிள்ளை, உன் தொழில் உனக்குத் தெரியும். நான் கேட்பது, வாயால் சொன்னதை நம்பாதே என்பதுதான். லினக்ஸ் வழி எத்தனை வருடம் திறந்திருக்கும் என்று கடதாசியில் எழுதித் தரச் சொல்லு. ஒரு நாள் மூடுவதென்றால், கொம்பனியின் தயவில்லாமல் ஆட்கள் தாங்களே சேர்ந்து விளையாடும்படி, விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் கடைசிப் பதிப்பைக் கொடுத்துவிட்டு மூட வேண்டும் என்றும் எழுதச் சொல்லு. எழுத மாட்டோம் என்றால் அவர்கள் உனக்குப் பதில் சொல்லிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள். எழுதித் தந்தால், களைத்தவர்கள் ஆறட்டும், நீயும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடு. நான் சங்கத்தில் இதைக் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

அதைவிட முக்கியமானது ஒன்று. வெள்ளிக்கிழமை என்ன முடிவானாலும், கொம்பனியின் அறிவித்தல் போவதற்கு முன்னால், உன் பெயரைப் போட்டு, உன் சொல்லில், அந்த விளையாட்டுக்காரருக்கு நீயே எழுது. நல்லதென்றால் நல்லது, இல்லையென்றால் ‘என்னால் முடியவில்லை’ என்று எழுது. அதற்குப் பிறகும் அவர்கள் கூடிக் கதைக்கிற இடத்துக்கு இடைக்கிடை போ. ஏசினால் கேட்டுக்கொண்டு நில். எனக்கு உடனே சொல்ல வேண்டும் என்று போனைத் தூக்காதே. முதலில் அவர்களுக்குச் சொல்லு. எனக்குப் பிறகு ஆறுதலாகச் சொன்னால் போதும். நான் அம்மா, எங்கே போய்விடப் போகிறேன்.

உன் அன்பு அம்மா